உப்பளக் காட்சிகள் திக்கியது ஏன்? என் அனுபவம்

வாலிநோக்கம் உப்பளங்களின் மேல் உரிய அனுமதியுடன் என் சிறிய ட்ரோனில் எடுத்த 4கே காட்சிகள் வீடியோ பிளேயரில் சீராக ஓடின. சந்தா கட்ட மனமின்றி நிறுவிய ஷாட்கட் என்னும் இலவச வீடியோ எடிட்டிங் மென்பொருளில் மட்டும், உப்புக் குவியலைக் கடக்கும் இடத்திலெல்லாம் திக்கி நின்றன. வேறு இரண்டு மென்பொருள்களை மாற்றியும், கூடுதல் ரேம் வாங்கிப் போட்டும் நான்கு நாட்கள் வீணாயின.

சென்ற ஆண்டுக் கோப்பு ஒன்று மட்டும் தடையின்றி ஓடுவதைக் கண்ட பிறகே இரண்டின் விவரங்களையும் ஒப்பிட்டேன். பழையது எச்.264 என்னும் வீடியோ சுருக்க முறையில் பதிவானது, புதியது எச்.265 முறையில். பின்னது இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அதை விரித்துக் காட்டப் பிராசஸருக்கு வேலை அதிகம். பிளேயரோ அந்தச் சுமையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் தள்ளிவிடுகிறது.

அமைப்புகளில் 'ப்ராக்ஸி' வசதியை இயக்கியதும், மென்பொருள் தயாரித்துக்கொண்ட சிறு நகல்களில் வெட்டும் வேலை வழுக்கிக்கொண்டு போனது. இறுதி வீடியோ மூலக் கோப்பிலிருந்தே உருவாவதால் தெளிவு குறையவில்லை. ரேமுக்குக் கொடுத்த பணம்தான் தண்டம்.