திங்கி ரஹிம் கட்டத்தைப் பாருங்கள்

செந்தூலில் இருக்கும் என் தம்பி மனைவிக்கு இது மூன்றாம் மாதம். அவளுக்குச் சொன்னதையே எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறேன்.

கிளினிக்கில் தரும் பிங்க் நிறக் கர்ப்பப் பதிவுப் புத்தகம் தாதிகளுக்கு மட்டுமானது அன்று. அதில் மலாயில் ‘திங்கி ரஹிம்’, அதாவது கருப்பையின் உயரம், எழுதும் கட்டத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். 24ஆம் வாரத்துக்குப் பிறகு, வாரம் எத்தனையோ ஏறத்தாழ அத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எனக்கு 28ஆம் வாரத்தில் 26. 30ஆம் வாரத்திலும் 26. “நீங்கள் குள்ளம், பிள்ளையும் சின்னதாகத்தான் இருக்கும்” என்று ஒரு கிளினிக்கில் அனுப்பிவிட்டார்கள். குள்ளமான தாயின் பிள்ளை சிறியதாக இருக்கலாம், ஆனால் வளர்ச்சி நிற்காது. எண் வாரத்தைவிட மூன்றுக்கு மேல் குறைந்தாலும், ஏறாமல் நின்றாலும், ஸ்கேன் வேண்டும் என்று கேளுங்கள்.

முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனில் குறித்த பிரசவத் தேதியைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் பிள்ளை சிறியதாகத் தெரிந்தால், தேதிதான் தப்பு என்று மாற்றிவிடும் ஆபத்து உண்டு. அப்படி மாற்றினால் குறை மறைந்துபோகும்.

என் மாமியார் பாவம், பிள்ளை வளராததற்கு நான் சாப்பிடாததுதான் காரணம் என்று தினமும் இரண்டு முட்டை அவித்துத் தந்தார். உண்மைக் காரணம் நஞ்சுக்கொடியில் இருந்தது. கருப்பைச் சுவரில் சுருள் சுருளாக ஓடும் தமனிகளை, நஞ்சுக்கொடியின் செல்கள் சுமார் ஐந்தாம் மாதத்துக்குள் அகலமாக்கிவிட வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் வழி குறுகலாகவே இருக்கும். பிள்ளைக்குப் போகும் பிராணவாயுவும் சத்தும் குறையும், தாய்க்கு இரத்த அழுத்தமும் ஏறலாம். முட்டையால் அந்த வழியை அகலமாக்க முடியாது. அதனால் எந்தத் தாயும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். முன்பு இரத்த அழுத்தம் வந்தவர்கள், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், 16ஆம் வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். வீட்டில் சிகரெட் புகை கூடாது.

ஸ்கேனில் எடை குறைவாக வந்தால் டாப்ளர், அதாவது இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன், பார்ப்பார்கள். பிள்ளையின் இதயம் இரு துடிப்புகளுக்கு நடுவே இளைப்பாறும்போதும் தொப்புள்கொடித் தமனியில் இரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஓட்டம் நிற்பது ஆபத்து. திரும்பி ஓடுவது அதைவிடப் பேராபத்து. “அந்த ஓட்டம் எப்படி இருக்கிறது, டாக்டர்?” என்று நேராகவே கேளுங்கள். எனக்கு அது நின்றிருந்தது. பிள்ளையின் நுரையீரலுக்காக எனக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, 34ஆம் வாரத்தில் அறுவை செய்து எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ. இப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு.

28ஆம் வாரத்திலிருந்து பிள்ளையின் அசைவை மனத்தில் பதியவையுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காதீர்கள். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலும் அப்படித்தான். இரவு இரண்டு மணியானாலும் கணவரை எழுப்பி, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.