ஊமையான குழாய் மணியைப் பாட வைப்பது எப்படி?

தேவாலய மணிக்கூண்டில் வார்ப்பு மணிக்குப் பதிலாகத் தொங்கும் பித்தளைக் குழாய்தான் குழாய் மணி. அது ‘ணங்’ என்னாமல் ‘டொக்’ என்றால் பெரும்பாலும் கோளாறு குழாயில் இருக்காது. ஏதோ ஒன்று அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்: கம்பிக் கட்டு, அடித்துவிட்டு விலகாத சுத்தியல், உள்ளே கட்டிய குளவிக்கூடு. 1880களில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் ஹாரிங்டன் காப்புரிமை பெற்ற வகை இது. கனத்த வார்ப்பு மணியைத் தாங்காத மணிக்கூண்டுக்கு ஏற்றது. வார்ப்பு மணிபோல் இது ஆடாது. கயிற்றில் சும்மா தொங்கும், சுத்தியல்தான் தேடி வந்து அடிக்கும்.

இறக்கும் முன் ஒவ்வொரு குழாய்க்கும் அதன் கொக்கிக்கும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை அங்குல விட்டம், 3 மி.மீ. தடிமன், 2 மீட்டர் நீளம் உள்ள பித்தளைக் குழாய் சுமார் 10 கிலோ. தோளில் வைத்து ஏணியில் இறங்க வேண்டாம். கப்பி, கயிறு, இரண்டு ஆள்.

அடுத்தது துலக்கல். குத்துவிளக்குக்குப் போடும் புளிக்கரைசலே போதும், ஆனால் உப்பு சேர்க்கக் கூடாது. பச்சைக் களிம்பு திரும்பத் திரும்பக் கிளம்புவதே உப்பால்தான். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கத்துக் கடற்காற்று அதை ஏற்கெனவே தாராளமாகப் பூசியிருக்கும். தேங்காய் நாரால் தேய்த்து, மழைநீரில் இருமுறை அலசி, துணியால் ஒற்றி நிழலில் காயவிடுங்கள். உட்புறத்துக்கு நீளக் கம்பில் துணி சுற்றிவிட்டால் குளவி மண்ணும் வந்துவிடும். எமரித்தாள், கிரைண்டர் இரண்டும் கிட்டவே வரக் கூடாது. சுவர் தேய்ந்தால் சுருதி நகரும். பழுப்பேறிய நிறம் அப்படியே இருக்கட்டும், பளபளப்புக்கும் நாதத்துக்கும் சம்பந்தமில்லை.

கட்டும் கயிறு

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். உச்சியில் எதிரெதிரே உள்ள இரு துளைகளில் பழைய கயிறு இற்றுப்போனதும், ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று ஜி.ஐ. கம்பியை முறுக்கிவிடுவார்கள். குழாயின் இரு முனையும் தடையின்றி அதிர வேண்டும். கம்பி அந்த அதிர்வை விழுங்கும், கறகறக்கும், துளை விளிம்பை அறுக்கும். உப்புக்காற்றில் பித்தளையோடு ஒட்டிய இரும்பு சீக்கிரம் துருப்பிடித்து ஒருநாள் அறுந்தும் விழும்.

நைலானும் வேண்டாம். அது பாரத்தில் நீள்வதால் குழாய் இறங்கி, சுத்தியல் படும் இடம் மாறிவிடும். 8 மி.மீ. பின்னல் பாலியஸ்டர் கயிறு என் தேர்வு. மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். கட்டுமுன் குழாயைப் போல் இரு மடங்கு எடையை அதில் இரண்டு நாள் தொங்கவிட்டால் நீள வேண்டியது நீண்டுவிடும். துளையின் பிசிறை மட்டும் உருண்டை அரத்தால் எடுத்து, கயிறு உரசும் இடத்தில் தோல் துண்டு வையுங்கள். முடிச்சு குழாய்ச் சுவரில் படாமல் மேலே நிற்கட்டும்.

சுத்தியல் முகம் மரமும் தடித்த தோலுமாக இருக்கலாம். வெறும் இரும்பு தகரச் சத்தம் தரும். அது உச்சி விளிம்பருகே பட வேண்டும். முனையில் அடித்தால்தான் எல்லா அதிர்வுகளும் கிளம்பும். ஓய்வு நிலையில் குழாய்க்கும் தோலுக்கும் 10 மி.மீ. இடைவெளி வையுங்கள். அடித்ததும் சுருள்வில் (ஸ்பிரிங்) சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

சுருதி பார்க்கப் போனில் ட்யூனர் செயலியை நம்பாதீர்கள். காதுக்குக் கேட்கும் சுருதி குழாயில் தனி அதிர்வாக இல்லை. குழாயில் ஒரே நேரத்தில் எழும் பல அதிர்வுகளில், கீழிருந்து நான்கு, ஐந்து, ஆறாம் அதிர்வுகளின் வேகம் ஏறக்குறைய 2:3:4 என்று அமைவதால், நான்காவதற்கு ஒரு ஸ்தாயி கீழே காதே அதைக் கட்டிக்கொள்கிறது. செயலி வேறெதையாவது பிடித்துக் காட்டும். ஆர்மோனியத்தோடு ஒப்பிடுங்கள். சுருதி ஏற்றக் குழாயை வெட்ட நினைக்க வேண்டாம்: 2 மீட்டர் குழாயில் 2 செ.மீ. வெட்டினாலே அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும், வெட்டியதை ஒட்ட முடியாது.

அடிக்கும்போது இழுப்புக் கயிற்றைச் சட்டென்று சிறிது இழுத்து உடனே விட வேண்டும்; பிடித்துக்கொண்டால் சுத்தியல் குழாய்மேலேயே படுத்துவிடும். மூவேளைச் செபத்துக்கு மூன்று மூன்றாக மூன்று முறை, நடுவே செபம் சொல்லும் நேரம் இடைவெளி, பிறகு தொடர்ந்து ஒன்பது. துக்க மணிக்கு மிகக் கீழ்ச்சுருதிக் குழாய் ஒன்றே போதும், ஒலி அடங்கியபின் அடுத்த அடி. திருவிழாவுக்கு எல்லாக் குழாயும், மேல்சுருதியிலிருந்து கீழ்ச்சுருதிக்கு.

பிறகு சேர்த்தது: ஐப்பசி மழையில் மணி திடீரென ஊமையானால் இழுப்புக் கயிற்றைப் பாருங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கிச் சுத்தியலைக் குழாயோடு ஒட்டிவிடும். இழுப்புக்கும் பாலியஸ்டரே போட்டு, நடுவில் ஒரு துருப்பிடிக்காத எஃகு டர்ன்பக்கிள் (திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) வைத்தால் அரைத் திருகில் சரியாகும். கூண்டின் சாய்வுப் பலகைகளையும் பாருங்கள். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் போன்ற புயலில் அவை பெயர்ந்தால் மழை நேராகக் குழாய்மேல்தான் அடிக்கும்.

பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதம் முடிந்து, சனி இரவு ஈஸ்டர் வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு வரை மணி அடிக்காததால், கயிறுகளைச் சோதிக்க அது வசதியான நேரம். குழாயை மட்டும் அப்போது இறக்காதீர்கள், சனி இரவுக்குள் மாட்டியாக வேண்டும்.