சூப்பர் 8 ஃபிலிமை வீட்டில் கழுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூப்பர் 8 என்பது வீட்டு சினிமா எடுக்கும் 8 மில்லிமீட்டர் அகல ஃபிலிம்; கார்ட்ரிட்ஜ் என்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து வரும். அந்தக் கார்ட்ரிட்ஜை இருட்டில்தான் உடைக்க வேண்டும், கழுவும் டாங்க்கின் மூடி சரியாகப் பொருந்த வேண்டும் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். நாங்கள் அந்தக் காலத்தில் கெடுத்த அதே இடங்களில் புதிதாக வருகிறவர்களும் கெடுப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கார்ட்ரிட்ஜில் இருப்பது 15 மீட்டர் ஃபிலிம். நொடிக்கு 18 ஃபிரேம் கணக்கில் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி. விற்கிற விலைக்கு அதில் ஒரு அடிகூட வீணாகக் கூடாது.

பிளீச் முடிந்ததும் குழாயைத் திறப்பது

டிரை-எக்ஸ் மாதிரி கறுப்பு வெள்ளை ரிவர்சல் ஃபிலிமுக்கு (நெகட்டிவ் இல்லாமல் நேராகத் திரையிடும் படமாகவே வருவது) வரிசை இது: முதல் டெவலப்பர், பிளீச், கிளியரிங் (பிளீச் விட்ட கறையை நீக்குவது), மறுபடி வெளிச்சம் காட்டுவது, இரண்டாவது டெவலப்பர், ஃபிக்ஸர். முதல் டெவலப்பர் 20 டிகிரிக்கு வர எல்லாரும் தெர்மாமீட்டரோடு காத்துக் கிடக்கிறார்கள். அது முடிந்ததும் தெர்மாமீட்டரை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் வினை.

வீட்டில் பெரும்பாலும் பயன்படுத்துவது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கந்தக அமிலமும் கலந்த பிளீச். அது வெள்ளியைக் கரைக்கும்போதே எமல்ஷனில், அதாவது படம் பதியும் பூச்சில், உள்ள ஜெலட்டினையும் இளக்கிவிடும். அந்த நிலையில் சூடான தண்ணீர் பட்டால் ஜெலட்டின் தாங்காது.

தெரிந்த பையன் ஒருவன், தங்கை கல்யாணத்தில் எடுத்த ரோலைச் சித்திரை மாதத்தில் கழுவினான். நான் போய்ச் சேர்வதற்குள் பிளீச்சைக் கொட்டிவிட்டு, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை நேராக டாங்க்கில் விட்டிருந்தான். மத்தியான வெயிலில் காய்ந்த தண்ணீர். ஃபிலிம் சுற்றியிருக்கும் ஸ்பைரலைத் தூக்கிப் பார்த்தால் எமல்ஷன் பால் ஏடு மாதிரி சுருங்கித் தொங்குகிறது. விரல் பட்ட இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்து, வெறும் பிளாஸ்டிக் பட்டை தெரிகிறது. தாலி கட்டிய காட்சி சாக்கடையோடு போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. கொஞ்சம் முன்யோசனை இருந்திருந்தால் போதுமே!

டெவலப்பர் கலக்கும் முன்பே, அலசுவதற்கான தண்ணீர் முழுவதையும் வாளிகளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை உறைய வைத்த பாட்டில்களை அதில் மிதக்கவிட்டு 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். எல்லாக் கரைசலும் அதே அளவில் இருக்கட்டும். குழாயடியில் பிடிக்காமல், தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி அலசுங்கள். ஃபிக்ஸர் முடியும்வரை எமல்ஷன் பக்கம் கை வைக்காதீர்கள்.

டைக்ரோமேட் பிளீச் ஜெலட்டினை இவ்வளவு இளக்காது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் உப்பு. குழந்தைகள் புழங்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இன்னொன்று. பெர்மாங்கனேட்டை உப்புள்ள போர் தண்ணீரில் கரைக்காதீர்கள். தண்ணீரில் உள்ள குளோரைடு, வெள்ளியோடு சேர்ந்து ஃபிலிமிலேயே தங்கி, இரண்டாவது டெவலப்பரில் கறுத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும்.

கலர் கிட்டில் மிஞ்சிய பிளீச்

கறுப்பு வெள்ளை ரிவர்சலுக்கு ஆகாது. ரிவர்சல் பிளீச் வெள்ளியைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். கலர் பிளீச் அதை மறுபடி வெள்ளி உப்பாக மாற்றி ஃபிலிமிலேயே விட்டுவிடும். அப்புறம் வெளிச்சம் காட்டி டெவலப் செய்தால் முழு ரோலும் கறுப்புதான்.

அமிலம்

தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். ஒருபோதும் மாற்றி ஊற்றாதீர்கள்.

ரெம்ஜெட்

கோடாக்கின் கலர் நெகட்டிவான விஷன்3 ரோல்களில் பின்பக்கம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருந்தால், முதலில் போராக்ஸ் கலந்த காரக் கரைசலில் ஊறவைத்து அதை இளக்க வேண்டும். ஊறினால் மட்டும் முழுக்கப் போகாது; கடைசியில் ஈர ஸ்பாஞ்சால் பின்பக்கத்தை மட்டும் துடைத்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் கரித்துகள் எமல்ஷன் மேல் ஒட்டிக்கொள்ளும்.

தாத்தாவின் கோடாக்ரோம்

கோடாக் முன்பு விற்ற கலர் ஃபிலிம் இது. இப்போது கழுவினால் கலர் வராது. அந்த ஃபிலிமில் சாயத்துக்கான பொருள் கிடையாது, டெவலப்பரில்தான் இருந்தது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரில் இருந்த கடைசி லேபும் 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு ரோல் வாங்கவில்லை. கறுப்பு வெள்ளையாகக் கழுவலாம், அவ்வளவுதான்.

காய வைக்கும்போது

ஃபேன் வேண்டாம். ஒரு ஃபிரேமின் அகலம் 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஈர எமல்ஷனில் ஒட்டிய தூசி திரையில் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தெரியும்.