ஆய்வேட்டின் பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள்

முதல் இயலைத் தொடங்கும்போதே இயல் தலைப்புக்கு வேர்டில் 'ஹெடிங் 1', உட்தலைப்புக்கு 'ஹெடிங் 2' என்று ஸ்டைல் கொடுத்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி போல்டு செய்தால் மட்டும் போதாது. அட்டவணை, படங்களின் எண்களையும் 'இன்சர்ட் கேப்ஷன்' வழியாகவே போடுங்கள்.

போல்டு செய்த வரி நம் கண்ணுக்குத்தான் தலைப்பு, வேர்டுக்கு அது வெறும் வரி. ஸ்டைல் கொடுத்தால்தான் அது தலைப்பு என்று வேர்டுக்குத் தெரியும், 'ரெஃபரன்சஸ்' பகுதியில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' கொடுத்தால் பக்க எண்ணோடு பொருளடக்கத்தையும் அதுவே உருவாக்கும். நெறியாளர் கடைசி வாரத்தில் இரண்டாம் இயலில் நான்கு பத்தி சேர்க்கச் சொன்னாலும் பதற வேண்டியதில்லை. கன்ட்ரோல்+ஏ, அப்புறம் எஃப்9. 'முழு அட்டவணையையும் புதுப்பி' (அப்டேட் என்டயர் டேபிள்; இங்கே அட்டவணை என்பது பொருளடக்கம்) என்பதைத் தேர்ந்தெடுத்தால் பக்க எண்கள் எல்லாம் சரியாகிவிடும். தலைப்பின் எழுத்தளவை மாற்றச் சொன்னாலும் ஸ்டைலில் ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் போதும், எல்லா இயல்களிலும் மாறிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: 'அட்டவணை 3ஐப் பார்க்க' என்று கிராஸ் ரெஃபரன்ஸ் (அட்டவணை எண்ணை வேர்டே நிரப்பும் இணைப்பு) கொடுத்திருந்து, பிறகு அந்த அட்டவணையையே நீக்கிவிட்டால், புதுப்பிக்கும்போது அந்த இடத்தில் 'எரர்!' என்று தொடங்கும் வரி வந்து நிற்கும். பிடிஎஃப் ஆக்கும் முன் 'எரர்' என்று ஆங்கிலத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

பல்கலைக்கழகமே டெம்ப்ளேட் கொடுத்திருந்தால் அதிலுள்ள ஸ்டைல்களையே பயன்படுத்துங்கள், புதிதாக உருவாக்க வேண்டாம். வேர்டுக்குப் பதிலாக லேடெக் (LaTeX) என்ற மென்பொருளில் எழுதுபவர்களுக்கு இது தேவையே இல்லை. முழு ஆய்வேட்டையும் எழுதி முடித்து, நாளை சமர்ப்பிக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களும் இப்போது இதில் இறங்க வேண்டாம். பக்க எண்களைக் கையாலேயே சரிபார்த்துக் கொடுத்துவிடுங்கள்.