சிவப்பு கீமோ: முதல் சைக்கிளுக்கு முன்பே ஒரு நோட்டு வாங்குங்கள்

மென்திசுப் புற்றுநோயான சார்கோமாவுக்கு நரம்பு வழியாக ஏற்றும் மருந்துகளில் டாக்ஸோரூபிசின் பல ஆண்டுகளாக முதல் வரிசையில் நிற்கிறது. அதன் நிறத்தால் எல்லோரும் ‘சிவப்பு மருந்து’ என்கிறார்கள். அண்ணனுக்கு ஏற்றியபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவும் இடைவெளியும் உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

முதல் படி, எக்கோ என்னும் இதய ஸ்கேன். இந்த மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது. அதனால் தொடங்கும் முன்பே இதயத்தின் வலுவைப் பார்த்துவிடுவார்கள். அந்த அறிக்கையின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது படி, கணக்கு. எங்களைத் திணறடித்தது இதுதான். இதயத்தைக் காக்க, இந்த மருந்துக்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு. பொதுவாக ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு (உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடுவது) 450 முதல் 550 மில்லிகிராம் வரை. மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இன்னும் குறைவு. வேறு மருத்துவமனைக்கு மாறியபோது, “இதுவரை மொத்தம் எவ்வளவு?” என்றுதான் முதலில் கேட்டார்கள். எங்களிடம் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் ‘120 மி.கி.’ என்று மட்டும் இருந்தது. உடல் பரப்பு தெரியாமல் அந்த எண்ணால் பயனில்லை. பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால் 120 மி.கி. என்பது சதுர மீட்டருக்கு 75. அப்படி ஆறு சைக்கிள் (ஒருமுறை ஏற்றியதிலிருந்து அடுத்த முறை வரை ஒரு சைக்கிள்) போனால் 450. ஆகவே ஒவ்வொரு முறையும் தேதி, உயரம், எடை, உடல் பரப்பு, ஏற்றிய அளவு, அதுவரை மொத்தம் என ஆறு கட்டங்கள் போட்டு எழுதுங்கள். கைப்பேசியைவிடக் கெட்டி அட்டை நோட்டுதான் நல்லது; யார் கூடப் போனாலும் எடுத்து நீட்டலாம்.

மூன்றாவது, ஏற்றும் நேரம். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். ஊசி இடத்தில் எரிச்சலோ வலியோ வீக்கமோ தெரிந்தால் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிடுங்கள். “பாவம், வேலையாக இருக்கிறார்” என்று பொறுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் கை சிவந்தாலும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. இந்த மருந்துக் கசிவுக்குக் குளிர் ஒத்தடம்தான். அதையும் மருத்துவமனைக்குப் போன் செய்துகொண்டே செய்யுங்கள். கீமோ போர்ட் (மருந்தைப் பெரிய ரத்தக்குழாயில் ஏற்ற, தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருவி) வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் தயங்காதீர்கள் என்பேன்.

பிறகு காய்ச்சல். ஏற்றிய 10 முதல் 14 நாட்களில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி உள்ளேயே இருக்கும். நெற்றிக்கு நேரே நீட்டும் கருவியை நான் நம்புவதில்லை; வாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்.

வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் கொப்பளிக்கலாம். முடி இரண்டு மூன்று வாரங்களில் கொட்டும். சிகிச்சை முடிந்தபின் வளரும்.

பின்சேர்க்கை: சிறுநீர் சிவப்பாகப் போகிறதே, ரத்தமா என்று ஒருவர் பதறிக் கேட்டிருந்தார். ஓரிரு நாள் மருந்தின் நிறம்தான் அப்படி வரும். அதற்குப் பிறகும் நீடித்தாலோ, கடுத்தாலோ, கட்டியாகப் போனாலோ உடனே காட்டுங்கள். ஐஃபாஸ்ஃபமைடு என்ற இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்து ஏற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது சிறுநீர்ப்பையிலேயே ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது.

இன்னொரு பின்சேர்க்கை: பல ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு இதே மருந்தை எடுத்துக்கொண்ட ஒருவர், அது பழைய கதைதானே என்று எழுதியிருந்தார். இல்லை, அதுவும் மொத்தத்தில் சேரும். அப்போது இதே குடும்பத்து மருந்தான எபிரூபிசின் ஏற்றியிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். தாள்கள் தொலைந்திருந்தால், பழைய மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் நோயாளி எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள். முன்பு ஏற்றிய அந்த மொத்த அளவை நோட்டின் முதல் வரியில் எழுதிவிட்டு முதல் சைக்கிளுக்குப் போங்கள்.