காமாக் கதிர் வெடிப்பை யாழ்ப்பாண முற்றத்திலிருந்து துரத்துவது எப்படி?

2022 ஒக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, புரட்டாதிப் பூரணை. அன்று மாலை 6.47க்கு யாழ்ப்பாணத்தில் யாராவது முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருந்தால், திருவோண விண்மீன் உச்சந்தலைக்கு நேர் மேலே நின்றிருக்கும். அதிலிருந்து வடமேற்கே, நீட்டிய கையின் ஒன்றரை முஷ்டி தூரத்தில், ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஒளி அந்த நிமிடத்தில்தான் வந்து சேர்ந்தது. மனிதக் கருவிகள் இதுவரை பதிவு செய்ததிலேயே மிகப் பிரகாசமான காமாக் கதிர் வெடிப்பு அது. நான் அப்போது கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த வயிற்றெரிச்சலில் கற்றுக்கொண்டவைதான் கீழே வருபவை. ஒரு சிறிய தொலைநோக்கியோ, அதுகூட இல்லாமல் ஒரு மடிக்கணினியோ இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: எதைத் தேடுகிறோம்?

காமாக் கதிரை நிலத்தில் நின்று பார்க்க முடியாது. வளிமண்டலம் அதை விழுங்கிவிடும். அதனால்தான் இப்படி ஒன்று இருப்பதே 1967 வரை எவருக்கும் தெரியாதிருந்தது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செய்மதிகள் அந்த ஆண்டு ஜூலை 2 அன்று ஒரு துடிப்பைப் பதிவு செய்தன. அது குண்டும் அல்ல, சூரியனின் வேலையும் அல்ல. இந்த வகைத் துடிப்புகள் பற்றிய செய்தி வெளியில் வந்ததோ 1973இல்.

பெரும்பாலும் இரண்டு வினாடிக்கு மேல் நீடிப்பவை, பெரிய விண்மீன் ஒன்று தன்னுள் இடிந்து கருந்துளையாகும்போது பிறக்கின்றன. அதற்கும் குறைவானவை, வெடித்த விண்மீன்களின் அடர்ந்த எச்சங்களான நியூத்திரன் விண்மீன்கள் இரண்டு மோதி இணையும்போது. இந்தப் பிரிவுக்கு விலக்குகள் உண்டு. ஒன்று கீழே வரும்.

வெடிப்பு சில வினாடிகளிலோ நிமிடங்களிலோ முடிந்துவிடும். ஆனால் வெளியே பீறிட்ட பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதி எக்ஸ் கதிராகவும் கண்ணுறு ஒளியாகவும் வானொலி அலையாகவும் மெல்லத் தணிந்துகொண்டிருக்கும். இதுவே பின்னொளி. முற்றத்திலிருந்து நாம் துரத்துவது இந்தப் பின்னொளியைத்தான்.

முதற்படி: செய்தி உங்களைத் தேடி வரட்டும்

வெடிப்புச் செய்திகளைப் பகிர நாசா நடத்தும் ஜி.சி.என். என்ற வலையமைப்பில் இலவசமாகக் கணக்குத் தொடங்குங்கள். அங்கே இரண்டு வகைச் செய்திகள் வரும். ஒன்று அறிவிப்பு: செய்மதியிலிருந்து இயந்திரமே அனுப்புவது, எண்கள் மட்டும். மற்றது சுற்றறிக்கை: வானியலாளர்கள் கையால் எழுதுவது. முதல் ஒரு மாதம் சுற்றறிக்கைகளை மட்டும் வாசியுங்கள். தொலைநோக்கியைத் தொடவே வேண்டாம். எந்தக் குழு எதைத் தேடுகிறது, எப்படி எழுதுகிறது என்பது பழகிவிடும். லடாக்கின் ஹான்லேயில் 0.7 மீற்றர் தொலைநோக்கி வைத்திருக்கும் குரோத்-இந்தியா குழுவின் அறிக்கைகளை நான் விரும்பி வாசிப்பேன். சுருக்கமாக, தேவையானதை மட்டும் சொல்வார்கள்.

செய்தி எந்தச் செய்மதியிலிருந்து வருகிறது என்பது முக்கியம். 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மியின் வெடிப்புக் கண்காணிப்பானில் 14 உணரிகள் வெவ்வேறு திசைகளை நோக்கி இருக்கின்றன. எந்த உணரியில் அதிகம் விழுந்தது என்பதை வைத்துத் திசையைக் கணிக்கும்; மழை எந்தச் சுவரை அதிகம் நனைத்தது என்று பார்த்து, காற்று எங்கிருந்து அடித்தது என்று சொல்வதுபோல. ஆண்டுக்குச் சுமார் 240 வெடிப்புகளைப் பிடிக்கிறது, ஆனால் இடத்தில் பல பாகைகள் பிழை இருக்கும். 2004இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் வேறு வழியைக் கையாள்கிறது. அதன் உணரிக்கு மேலே ஆயிரக்கணக்கான ஈயத் துண்டுகள் ஒழுங்கற்ற கோலமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. கிடுகு வேலியின் ஓட்டைகள் வழியே முற்றத்தில் விழும் வெளிச்சப் புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்தால் சூரியன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? ஸ்விஃப்ட் செய்வது அதையே. அதன் முதற்கணிப்பின் பிழை சில கலைகள்தான் (ஒரு பாகையில் அறுபதிலொன்று ஒரு கலை). பூரணை நிலவின் அகலமே 30 கலை. பிறகு, இடையூறு இல்லாவிட்டால், தானே உடலைத் திருப்பி எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியால் பார்த்து, பிழையைச் சில விகலைகளுக்கு (கலையில் அறுபதிலொன்று) குறைத்துவிடும்.

ஆகவே ஒரே விதி: ஃபெர்மி மட்டும் சொன்னால் காத்திருங்கள். ஸ்விஃப்ட் சொன்னால் எழும்புங்கள். 2024இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் புரோப், எஸ்.வி.ஓ.எம். இரண்டின் செய்திகளும் இப்போது வருகின்றன.

இரண்டாம் படி: செய்தியை வாசித்தல்

பெயரே பாதிக் கதை. 221009ஏ என்றால் 2022, 10ஆம் மாதம், 9ஆம் நாளின் முதல் வெடிப்பு. நேரம் உலக நேரத்தில் இருக்கும். நமக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அந்த அரை மணியை நான் ஒருமுறை விட்டுவிட்டு, மேற்கே மறைந்துபோன இடத்தைக் குறிவைத்து பனை மரங்களை நல்ல தரமான படங்களாக எடுத்துவைத்திருக்கிறேன்.

அடுத்து ஆள்கூறுகள்: வல ஏற்றம், நடுவரை விலக்கம். வானத்தின் நெட்டாங்கும் அகலாங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் வெடிப்புக்கு வல ஏற்றம் 19 மணி 13 நிமிடம், விலக்கம் வடக்கே 19.8 பாகை. ஒரு வேடிக்கை: ஃபெர்மி அதை முதலில் பிடித்தது, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே ஸ்விஃப்ட் அதைக் கண்டது. இடம் பால்வீதித் தளத்துக்கு அருகில் இருந்ததால், இது நம் பால்வீதிக்குள்ளேயே உள்ள ஏதோ ஒரு புதிய பொருள் என்று ஸ்விஃப்ட் குழு எண்ணி, ஆள்கூற்றை வைத்து ஜே1913.1+1946 என்று பெயரும் இட்டுவிட்டது. ஆகவே முதல் மின்னஞ்சலை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: நம் வானத்தில் இருக்கிறதா?

யாழ்ப்பாணம் வடக்கே 9.7 பாகையில் இருக்கிறது. ஒரு பொருள் வானில் ஏறக்கூடிய உச்ச உயரம் அறிய, அதன் விலக்கத்துக்கும் 9.7க்கும் உள்ள இடைவெளியை 90இலிருந்து கழியுங்கள். மேலே சொன்ன வெடிப்புக்கு இடைவெளி 10 பாகை. ஆக 80 பாகை வரை ஏறும். இன்னொன்றைப் பாருங்கள்: 2023 மார்ச் 7, நம் நேரம் இரவு 9.14. இதுவரை கண்டவற்றில் இரண்டாவது பிரகாசமான வெடிப்பு. அரை நிமிடத்துக்கும் அதிகமாக நீடித்தும், நியூத்திரன் விண்மீன்களின் மோதலில் பிறந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நான் சொன்ன விலக்கு இதுதான். அதன் விலக்கம் தெற்கே 75 பாகை. இடைவெளி 85. ஆக, இங்கே அது அடிவானத்திலிருந்து 5 பாகைக்கு மேல் ஒருபோதும் எழாது. எங்கள் வளவின் பனைகளே அதைவிட உயரம்.

உயரம் மட்டும் போதாது, அந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்பதும் வேண்டும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் யாழ்ப்பாணத்தைச் சேமித்துவைத்து, ஆள்கூற்றைத் தட்டினால் தெரிந்துவிடும். 30 பாகைக்குக் கீழே என்றால் திரும்பிப் படுத்துவிடுங்கள்.

இதைத் தாண்டி நம் பருவங்களும் இருக்கின்றன. ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் முடியும்வரை வானம் மழைக்குச் சொந்தம். தை பிறந்து வாடைக் குளிர் தணியத் தொடங்கும் நாட்களிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். சோளகம் வீசும் மாதங்களில் வானம் திறந்திருந்தாலும் தொலைநோக்கி ஆடும்.

நான்காம் படி: படம் எடுத்தல்

என்னிடம் இருப்பது எட்டு அங்குல ஆடி, பின்தொடரும் தாங்கி, ஒரு கறுப்புவெள்ளைக் கமெரா. இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தாங்கியின் அச்சைத் துருவ விண்மீனுக்கு நேராக்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். நம் ஊரில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்தில், கடல் மூட்டத்துக்குள் கிடக்கிறது. அதைத் தேடி இரவுகளை வீணாக்காதீர்கள். வேறு திசையில் எடுத்த படத்திலுள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒருமுறை சரிசெய்து, தாங்கியின் கால்கள் நிற்கும் மூன்று இடங்களிலும் சீமெந்தில் அடையாளம் வெட்டிவிட்டேன். அதனால் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் மிச்சம்.

அந்த அரை மணியின் மதிப்பைக் கணக்காகவே பாருங்கள். விண்மீன்களின் ஒளியைப் பொலிவெண்ணால் அளக்கிறோம். எண் கூடினால் மங்கல். வெறுங்கண்ணின் எல்லை 6. பின்னொளியின் ஒளி பெரும்பாலும், கடந்த நேரத்துக்கு ஏறத்தாழ நேர்மாறாகக் குறையும். நேரம் பத்து மடங்கானால் ஒளி பத்திலொன்று, அதாவது பொலிவெண்ணில் 2.5 கூடும். வெடித்து 5 நிமிடத்தில் 15 என்றால், 50 நிமிடத்தில் 17.5. எட்டு மணி நேரம் கழித்து 20. என் முற்றத்திலிருந்து நல்ல இரவில் 17 வரைதான் எட்டுகிறது. ஆக, முதல் அரை மணிக்குள் முடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மணற்காடு போன்ற இருண்ட இடத்தில் இன்னும் ஆழமாகப் போகலாம், ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் பின்னொளி தணிந்துவிடும். முற்றமே மேல்.

30 வினாடிப் படங்கள் 20 எடுத்து ஒன்றாக அடுக்குங்கள். வடிகட்டி வேண்டாம். மடிக்கணினியின் கடிகாரத்தை முன்கூட்டியே இணையத்தோடு ஒத்திசையுங்கள். நேரம் தவறிய படம் எவருக்கும் உதவாது. 20 படங்களும் முடிந்தபின் கால் மணி இடைவெளி விட்டு இன்னொரு தொகுதி எடுங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

ஐந்தாம் படி: புதிய புள்ளி உண்மைதானா?

அலாடின் என்ற இலவச வான்படத் தொகுப்பில் அதே இடத்தைத் திறந்து, உங்கள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே இல்லாத புள்ளி இங்கே இருந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடனே எவருக்கும் சொல்லாதீர்கள். முதல் தொகுதியையும் இரண்டாவதையும் ஒப்பிடுங்கள். இடம் மாறியிருந்தால் சிறுகோள். இடம் மாறாமல், ஒளியும் குறையாமல் இருந்தால் பழைய மாறுவிண்மீனாக இருக்கலாம். ஒரே ஒரு படத்தில் மட்டும் தெரிந்தால் கமெராவின் கோளாறு. இடம் மாறாமல் ஒளி மட்டும் குறைந்திருந்தால், அப்போது தேநீர் போடலாம். நான் முதன்முதலில் ‘கண்டுபிடித்தது’ ஒரு சிறுகோள். பல ஆண்டுகளுக்கு முன்பே எண்ணும் பெயரும் பெற்றது.

பொலிவெண்ணை அளக்க, அதே படத்தில் பட்டியலிடப்பட்ட நாலைந்து விண்மீன்களோடு ஒப்பிட வேண்டும். அஸ்டாப் என்ற மென்பொருள் இடத்தையும் கண்டுபிடித்து இதையும் செய்துதரும்.

ஆறாம் படி: எழுதி அனுப்புதல்

நடுநேரம், மொத்த ஒளிபடு நேரம், பொலிவெண், பிழையளவு, ஒப்பிட்ட பட்டியல். இவ்வளவுதான். எதுவும் தெரியாவிட்டாலும் எழுதலாம்: ‘இந்த நேரத்தில் 17 வரை எதுவும் இல்லை’ என்பதும் ஓர் அளவீடே. தொடக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

தொலைநோக்கி இல்லாதவர்களுக்கு

இதுதான் எனக்கு இப்போது அதிகம் பிடித்த வழி. 221009ஏ வெடிப்பின் கதிர்கள் இந்தியாவுக்கு மேலே ஏறத்தாழ நேர் செங்குத்தாக வந்து, வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனமண்டலத்தையே உலுக்கின. அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்து வரும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானொலி அலைகளின் வலிமை அப்போது சட்டென்று மாறும். 1983 ஓகஸ்ட் 1 வெடிப்பிலேயே இப்படிப் பதிவாகியிருக்கிறது. அதாவது தலைக்கு மேலுள்ள வானமே உணரி.

ஒரு மீற்றர் சதுர மரச்சட்டத்தில் பூச்சிட்ட செப்புக் கம்பியை 40 சுற்று சுற்றி, ஒரு சிறிய பெருக்கி வழியாக மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளையில் செருகுங்கள். ஒலி அட்டை 48 கிலோஹேர்ட்ஸில் மாதிரி எடுத்தால் 24 வரையான அலைகளைக் கேட்கும். திருநெல்வேலி மாவட்டத்தின் விஜயநாராயணத்திலிருந்து இந்தியக் கடற்படை 18.2இல் ஒலிபரப்புகிறது. அது பலமாகக் கேட்கும், ஆனால் மிக அருகில் இருப்பதால் நிலத்தோடு வரும் அலையும் கலந்துவிடும். மேற்கு அவுஸ்திரேலியாவின் நோர்த் வெஸ்ட் கேப் நிலையத்தின் 19.8 நமக்கு ஏற்றது.

முதலில் பகலில் பழகுங்கள். சூரியச் சுடர் ஒன்று எழுந்தால் வரைபு திடீரென்று தாவி, சுறாவின் முதுகுத் துடுப்புபோல மெல்லச் சரியும். அதை இனங்காணப் பழகியபின் இரவுப் பதிவுகளைச் சேமியுங்கள், ஜி.சி.என். நேரங்களோடு காலையில் ஒப்பிடலாம். சட்டத்தை எல்.ஈ.டி. விளக்குகளிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஐப்பசி மாலைகளில் இடி முழங்கத் தொடங்கினால் முதல் வேலையாக வயரைக் கழற்றிவிடுங்கள்.