முதலில் மாஸ்க், அப்புறம்தான் வேஷம்: கொரோனா காலத்தில் டிஸ்னி ஹாலோவீனுக்குப் போவது எப்படி?

போன வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, ஃபுளோரிடாவில் டாம்பாவிலிருந்து ஆர்லாண்டோவுக்கு வண்டியை விட்டோம். நான், மனைவி, ஏழு வயது மகள். டிஸ்னி வேர்ல்டிலுள்ள மேஜிக் கிங்டம் பார்க்கில், வேஷம் கட்டி மிட்டாய் வாங்கும் பண்டிகையான ஹாலோவீனைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வாட்ஸப்பில் ஒரே கேள்வி மயம். "போகலாமா? எப்படிப் போவது? மாஸ்க் போட்டுக்கொண்டு என்னத்தைப் பார்ப்பது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அடித்துக் கை வலிக்கிறது. ஆகவே, முதல்முறை போகிறவர்களுக்காக எல்லாவற்றையும் வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன். இதிலுள்ள விதியும் விலையும் நேரமும் 2020 அக்டோபர் நிலவரம்; பிறகு படிப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த 2020-இல் அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாக நடக்கும் ராத்திரிக் கொண்டாட்டம், தனி டிக்கெட் வாங்கிப் போவோமே, அதை ஜூன் மாதமே ரத்து செய்துவிட்டார்கள். அதோடு சேர்ந்து பெரிய அணிவகுப்பு, வாணவேடிக்கை, பை நிறைய மிட்டாய் வாங்குவது எல்லாம் போயிற்று. அதற்குப் பதில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 31 வரை, பகல் நேரத்திலேயே, சாதாரண டிக்கெட்டிலேயே சின்ன அளவில் ஹாலோவீன் வைத்திருக்கிறார்கள். வாசல் தெரு முழுக்கப் பூசணித் தோரணம். அவ்வப்போது வேஷம் கட்டிய மிக்கி கோஷ்டி வந்து போகும். முக்கியமாக, பெரியவர்களும் பகலில் வேஷம் போட்டுக்கொண்டு வரலாம். மற்ற நாட்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அந்த அனுமதி கிடையாது.

வாணவேடிக்கைக்காகத்தான் போவேன் என்பவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: யார் போவது என்று முடிவு செய்யுங்கள்

அம்மா ஜனவரியில் எங்களிடம் வந்தார்கள். மார்ச்சில் விமானங்கள் நின்றதும் இங்கேயே தங்கிவிட்டார்கள். வயது அறுபத்தேழு, சுகர் வேறு. கூட்டிப் போகலாமா என்று வீட்டில் இரண்டு நாள் விவாதம். கடைசியில் அம்மாவே முடித்து வைத்தார்கள். மகள் கறுப்புப் பூனை வேஷத்தில் ஒத்திகை பார்த்ததைக் கண்டு, "ஏல, இது நம்ம குலசை தசராவுக்கு வேசம் கட்டுற மாதிரில்லா இருக்கு. நான் அங்க பாக்காததா? நீங்க போயிட்டு வாங்க" என்றார்கள். உங்கள் வீட்டிலும் வயதானவர்களோ வேறு உடல்நலக் குறை உள்ளவர்களோ இருந்தால் இந்தப் பேச்சை டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். வாங்கிய பிறகு பேசினால் டாலர்தான் முடிவெடுக்கும்.

இன்னொன்று. இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் மாஸ்க் கட்டாயம். உங்கள் மூன்று வயதுப் பிள்ளை மளிகைக் கடையிலேயே பத்து நிமிடத்தில் மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறதா? அப்படியென்றால் இந்த வருஷம் வேண்டாம்.

படி 2: தேதி முதலில், டிக்கெட் பிறகு

முதல்முறை போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் உள்ளே விட மாட்டார்கள். எந்த நாள், எந்த பார்க் என்று 'பார்க் பாஸ்' எனப்படும் முன்பதிவும் வேண்டும். கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்க, ஜூலை 11-இல் மறுபடி திறந்தபோது கொண்டுவந்த ஏற்பாடு இது. எங்கள் நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமைக்கு ஆசையாக டிக்கெட் எடுத்துவிட்டார். பிறகு பார்த்தால் அந்த நாளுக்கு மேஜிக் கிங்டம் நிரம்பிவிட்டது.

டிஸ்னி தளத்தில் எந்தெந்த நாளில் இடம் இருக்கிறது என்று காட்டும் காலண்டர் இருக்கிறது. அதைத் திறந்து இடம் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். உடனே டிக்கெட் வாங்குங்கள், அதே மூச்சில் பார்க் பாஸையும் போட்டுவிடுங்கள். குடும்பத்தில் எல்லோருடைய டிக்கெட்டும் டிஸ்னி ஆப்பில் ஒரே கணக்கில் இணைந்திருக்க வேண்டும். 2020-இல் ஒரு நாள் டிக்கெட் 109 டாலரிலிருந்து தொடங்குகிறது, நாளைப் பொறுத்து ஏறும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. காலையில் ஒரு பார்க், மதியம் இன்னொன்று என்று தாவ இப்போது வழியில்லை. ஒரு நாளுக்கு ஒன்றுதான்.

முடிந்தால் செவ்வாய், புதன் பாருங்கள்.

படி 3: மாஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள்

வேஷத்தைத் தேடி இணையத்தில் அலைவதற்கு முன், அன்று முழுக்கப் போட்டிருக்கப்போகும் மாஸ்க்கை முடிவு செய்யுங்கள். விதிகள் கறாரானவை. குறைந்தது இரண்டு அடுக்குத் துணி வேண்டும். மூக்கு, வாய், தாடை மூன்றையும் மூட வேண்டும். காதிலோ தலைக்குப் பின்னாலோ கட்டி நிற்க வேண்டும். கழுத்தில் மாட்டி மேலே இழுத்துவிடும் குழாய்த் துணி, கைக்குட்டைக் கட்டு, வால்வு வைத்தது, வலைத்துணி எதற்கும் அனுமதி இல்லை. ஹாலோவீன் முகமூடியும் கூடாது, மாஸ்க்குக்குப் பதிலாகவும் சரி, அதன் மேலாகவும் சரி.

அக்டோபரிலும் ஃபுளோரிடா ஃபுளோரிடாதான். மதியம் முப்பது டிகிரியை ஒட்டி வெயில், புழுக்கம் வேறு. வியர்வையில் நனைந்த மாஸ்க் மூக்கோடு ஒட்டிக்கொண்டால் மூச்சு வாங்கும். ஆளுக்கு நான்கு மாஸ்க் எடுத்துப் போனோம், நான்கும் செலவாயிற்று. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் சாயங்காலம் அதே மாஸ்க்கோடு ஒரு மணி நேரம் நடந்து பழகுங்கள். காது எங்கே அறுக்கிறது என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

படி 4: மாஸ்க்குக்கு ஏற்ற வேஷம்

முகத்தில் பாதி தெரியப்போவதில்லை. ஆகவே கண்ணுக்கு மேலும் கழுத்துக்குக் கீழும்தான் வேஷம். மாஸ்க்கையே வேஷத்தின் பாகமாக்கிவிட்டால் வேலை சுலபம். மகளின் கறுப்புத் துணி மாஸ்க்கில் அவள் அம்மா வெள்ளை நூலால் மீசையும் இளஞ்சிவப்பில் மூக்கும் தைத்துவிட்டாள். தலையில் காது வைத்த ஹேர்பேண்டு, பின்னால் ஒரு வால். செலவு பத்து டாலரைத் தாண்டவில்லை. வழியில் பார்த்தவர்களில் மாஸ்க்கில் எலும்புக்கூட்டுப் பல் வரைந்த ஒரு குடும்பமும், மாஸ்க்கைத் தாடியாக்கிய ஒரு கடற்கொள்ளையனும் என் மனதில் நின்றார்கள்.

முகத்தில் சாயம் பூச நினைத்தால் நெற்றியோடும் கண்ணோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். கன்னத்தில் பூசியது அரை மணி நேரத்தில் மாஸ்க்கின் உள்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். என் டிராகுலா முயற்சி அப்படித்தான் முடிந்தது.

14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சில கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு. மேலங்கி இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது, தரையில் புரளும் உடை கூடாது, உடம்பையே சுற்றி நிற்கும் அடுக்கு வேஷமும் கூடாது. கூர்மையான எதுவும், நிஜத் துப்பாக்கி போலத் தெரியும் பொம்மையும் யாருக்குமே கிடையாது. பெரிய இறக்கை, உயரத் தொப்பி எல்லாம் ரைடில் உட்காரும்போது கழற்ற வேண்டியிருக்கும். மடித்துப் பையில் வைக்க முடியாததை அணியாதீர்கள்.

படி 5: பை

மாற்று மாஸ்க்குகள், அழுக்கானதைப் போட ஜிப் கவர், சானிடைசர், தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர். போன் முக்கியம், ஏனென்றால் சாப்பாடு முதல் வரைபடம் வரை எல்லாமே ஆப்பில். வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் மட்டும் ஆகாது. அம்மா புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொடுத்தார்கள்.

படி 6: வாசல்வரை

பார்க்கிங் கட்டணம் 2020-இல் 25 டாலர். முன்பெல்லாம் நிறுத்திய இடத்திலிருந்து ஏற்றிப் போகும் டிராம் வண்டி இப்போது ஓடவில்லை. நல்ல தூரம் நடக்க வேண்டும். நடந்து போய்ச் சேரும் இடத்தில் ஒரு கூடாரத்தில் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிறார்கள். 100.4 ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களோடு வந்த யாருக்குமே அனுமதி இல்லை. வெயிலில் பிள்ளையை ஓட விடாதீர்கள். நிதானமாக, நிழல் பார்த்து நடந்து போங்கள். அன்று காலை வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

பாதுகாப்புச் சோதனை முடிந்தால் முன்னே ஒரு ஏரி, பார்க் அதற்கு அக்கரையில். மோனோரயிலிலும் போகலாம், படகிலும் போகலாம். யோசிக்காமல் படகில் ஏறுங்கள். திறந்த காற்று. தண்ணீருக்கு அப்பால், பார்க்கின் நடுவிலுள்ள சிண்டரெல்லா கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வருவதைப் பார்க்கலாம். அடுத்த வருஷம் வரும் பார்க்கின் ஐம்பதாம் ஆண்டுக்காகக் கோட்டைக்கு இளஞ்சிவப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள். மனைவிக்குப் பிடித்தது. எனக்குக் கல்யாண கேக் ஞாபகம் வந்தது.

படி 7: உள்ளே போனதும் தேடி அலையாதீர்கள்

பெரிய அணிவகுப்பு இருந்தால் ஜனங்கள் தெரு ஓரம் இடம் பிடித்து நெருக்கியடித்து உட்காருவார்கள். அதைத் தவிர்க்கத்தான் இப்போது சின்னச் சின்ன ஊர்வலங்களை விடுகிறார்கள், கவல்கேட் என்று பெயர். நேரம் அறிவிப்பதில்லை. திடீரென்று பாட்டுச் சத்தம் கேட்கும், ஓரிரு வண்டிகள் வரும், மிக்கியும் மின்னியும் ஹாலோவீன் உடுப்பில் கையசைப்பார்கள், சில நிமிடங்களில் கடந்து போய்விடும். வில்லன்களுக்கென்று தனியாக ஒன்று வருகிறது. மகள் அதற்குத்தான் அதிகம் குதித்தாள்.

இதைப் பிடிக்க ஓடத் தேவையில்லை. வாசல் தெருவிலிருந்து கோட்டைப் பக்கமாகவும் பழைய அமெரிக்கக் கிராமம் போல அமைத்த ஃபிரான்டியர்லேண்டு பக்கமாகவும் ஊர்வலப் பாதை போகிறது. அந்தப் பாதையை ஒட்டியே உங்கள் ஓய்வையும் சாப்பாட்டையும் வைத்துக்கொண்டால் தானாக வந்து மாட்டும். நாங்கள் எதிர்பார்த்து நின்றபோது ஒன்றும் வரவில்லை. ரெஸ்ட்ரூம் வாசலில் மனைவிக்காகக் காத்திருந்தபோது முதல் வரிசை கிடைத்தது. இடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க ஆள் இல்லை. பழைய கூட்டத்தில் மகளைத் தோளில் தூக்கி வைத்துக் கழுத்து ஒடிந்த எனக்கு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இந்த வருஷமே தேவலை என்று பட்டது.

கட்டிப்பிடித்துப் போட்டோ, கையெழுத்து எல்லாம் கிடையாது. இதைக் குழந்தையிடம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ஃபிரான்டியர்லேண்டில் இன்னொன்று. நான்கு பிரேதங்கள் சேர்ந்து வாத்தியமே இல்லாமல் குரலாலேயே பாடும். பிரேத வேஷம் கட்டிய பாடகர்கள்தான், கெடாவர் டான்ஸ் (Cadaver Dans) என்று பெயர். வழக்கமாகக் கூட்டத்துக்கு நடுவே நின்று பாடும் இவர்களை இந்த வருஷம் படகில் ஏற்றி ஆற்றில் விட்டிருக்கிறார்கள். ஆறடி இடைவெளிக்கு இதைவிட அழகான தீர்வை நான் இந்த ஏழு மாதத்தில் பார்க்கவில்லை.

படி 8: பேய் வீட்டு வரிசை

எல்லா ரைடிலும் வரிசை வெளியே தெருவரை நீண்டு பயமுறுத்தும். ஆறடிக்கு ஒரு கோடு போட்டிருப்பதால் வந்த நீளம் அது, தலையை எண்ணினால் ஆள் குறைவு. முன்பதிவு செய்தவர்களைத் தனி வழியில் சீக்கிரம் உள்ளே விடும் ஃபாஸ்ட்பாஸ் வசதியை நிறுத்தி வைத்திருப்பதால் குறுக்கே நுழைபவர்களும் இல்லை, வரிசை நிற்காமல் நகர்கிறது. ஹாலோவீன் சமயத்தில் ஹான்டட் மேன்ஷனை விட்டுவிடக் கூடாது. 1971-இல் பார்க் திறந்த நாளிலிருந்து இருக்கும் பேய் வீடு. முன்பு ஒரு அறையில் எல்லோரையும் நெருக்கி நிறுத்திக் கதை சொல்வார்கள். இப்போது அந்த அறையை நிற்காமல் நடந்தே கடந்துவிடுகிறோம். அது ஒரு இழப்புதான். உள்ளே 999 ஆவிகள் இருக்கின்றன, ஆயிரமாவது இடம் காலி, யாராவது வருகிறீர்களா என்று கேட்கும் பழைய வேடிக்கை ஒன்று உண்டு. இந்த வருஷம் அதைக் கேட்டு யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

ரைடிலும் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. கழற்றினால் ரைடில் எடுக்கும் போட்டோ உங்களுக்குக் கிடைக்காது.

படி 9: சாப்பாடும் மூச்சும்

நடந்துகொண்டே கொறிக்க முடியாது. ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோதான் மாஸ்க்கை இறக்கிச் சாப்பிட வேண்டும். கடைச் சாப்பாடு என்றால் பசிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆப்பில் ஆர்டர் போட்டு நேரத்தைப் பிடித்து வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் 'வந்துவிட்டேன்' பொத்தானை அழுத்தினால்தான் தயாரிக்கத் தொடங்குவார்கள். மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்து இளைப்பாற ரிலாக்சேஷன் ஸ்டேஷன் என்று தனி இடங்கள் உண்டு. வரைபடத்தில் அவற்றை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் மதியம் ஒரு மணி நேரம் அங்கேதான் கிடந்தோம், புளியோதரையோடு.

படி 10: மிட்டாய்

மாலை ஆறு, ஏழு மணிக்கெல்லாம் பார்க் மூடிவிடுகிறது. இருட்டின பிறகு ஒன்றும் இல்லை. உள்ளே மிட்டாய் கொடுக்கும் இடமும் இல்லை. மிட்டாய் இல்லாமல் ஹாலோவீனா என்று கேட்கும் வயதில் பிள்ளை இருந்தால் ஆர்லாண்டோவிலேயே சீவேர்ல்டையும், வின்டர் ஹேவன் ஊரிலுள்ள லெகோலேண்டையும் பாருங்கள். இரண்டிலும் சின்னப் பிள்ளைகளுக்கான ஹாலோவீன் நடக்கிறது.

எங்கள் ஏற்பாடு வேறு. கிளம்பும் முன்பே ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்கி அம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தோம். ராத்திரி எட்டரைக்கு வீடு வந்ததும் மகளை இறக்கிவிட்டு, காலிங் பெல்லை அடிக்கச் சொன்னோம். அம்மா கதவைத் திறந்து, மீசை வைத்த மாஸ்க்கைப் பார்த்துவிட்டு, மிட்டாயைக் கையில் கொடுக்காமல் முதலில் சொன்னது: "போயி குளிச்சிட்டு வா தாயி. அப்புறம் தாரேன்."